கண்ணில் ஊறும் மை

தங்கமாடனைக் கிணற்றுக்குள்ளிருந்து தூக்கி வந்து வாசலில் கிடத்திய அன்றைக்குத்தான் அவன் பெண்சாதி வடிவின் கண்ணிலிருந்து முதன்முதலாக மை வடிந்தது. பஞ்சாயத்துக் கிணற்றில் பாறையை உடைக்க வைத்த வெடி ஏன் முந்தி வெடித்தது, திரியைப் பற்றவைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லும் முள்ளிச்செவல்காரர்கள் இதை மட்டும் மாற்றாமல் ஒன்றுபோலச் சொன்னார்கள். அவள் அவன் நெஞ்சில் விழுந்து அழுதாள், அழ அழக் கன்னத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் இறங்கின, இறங்கித் தாடையில் சேர்ந்து, அவன்மேல் போர்த்தியிருந்த புது வேட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்து பரவின. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள், கண்மை கரையுது, யாராவது முகத்தைத் துடைச்சு விடுங்கட்டி என்றார்கள். துடைத்துவிட்டவளின் முந்தானையும் கறுத்துப்போனது. வடிவு ஒருநாளும் கண்ணுக்கு மை இட்டுக்கொண்டவள் இல்லை என்பது பிறகுதான் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. சிலருக்குத் துக்கத்தில் வாய் கோணிக்கொள்கிறது, சிலருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது, இவளுக்கு இப்படி என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று பார்க்க எழுந்து போனார்கள்.

வடிவுக்குத் தொழிலே பேனாவுக்கு மை போடுவதுதான். முள்ளிச்செவல் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை ஜெபராணி டீச்சர், பால்பாயிண்ட் பேனா பிள்ளைகளின் கையையும் புத்தியையும் சேர்த்துக் கெடுக்கிறது என்று நம்பியவர், மைப்பேனா இல்லாமல் யாரும் வகுப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நல்ல மைப்பேனா வாங்க அந்த ஊரில் பலருக்கு வசதியில்லை. பெட்டிக்கடைகளில் ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சரம் சரமாகத் தொங்கிய, உள்ளே மை அடைத்தே வருகிற, தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டிய யூஸ் அண்டு த்ரோ மைப்பேனாக்களைத்தான் வாங்கினார்கள். கண்ணாடிபோல உடம்பு, ஒல்லி நிப்பு, திருகித் திறக்க வழியில்லாத கழுத்து. தீர்ந்த பேனாக்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஓடையில் வெயிலுக்கு மினுங்கிக்கொண்டு கிடந்தன. வடிவு அதில் ஒன்றை எடுத்துவந்து, நிப்பைச் சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்துப் பார்த்தாள். நிப்பும் அதற்கடியில் இருந்த கறுப்புக் கட்டையும் ஆடின பல்லைப்போலக் கையோடு வந்தன. ஆஸ்பத்திரி சிரிஞ்சில் மையை உறிஞ்சி உள்ளே விட்டு, கட்டையைப் பழையபடி வைத்து அழுத்தினாள். பேனா எழுதியது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்து கேட் பக்கம் ஒரு உடைந்த பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளின் பேனாக்களைப் பிடுங்கி நிரப்பி, நிப்பைத் தன் சேலையிலேயே துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளைப் பேனாக்கா என்று கூப்பிட்டார்கள்.

தங்கமாடனின் காரியம் முடிந்து மறுபடி பெஞ்சுக்கு வந்தபோது அவள் மைப்புட்டி காய்ந்து அடியில் பொறுக்குத் தட்டிப்போயிருந்தது. ஒன்பதாவது படித்த அவள் மகள் இசக்கிப்பிரியா, இத்தனை நாள் வராததற்கு லீவு லெட்டர் எழுத வேண்டும், பேனாவில் மை இல்லை என்று வந்து நின்றாள். வடிவு வழக்கம்போல நிப்பைப் பிடுங்கினாள், வெறும் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளைக்கு இனி யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாள், நினைத்ததும் அழுகை வந்தது, தாடையில் சேர்ந்த மை நேராகக் குழாய்க்குள் சொட்டி, கழுத்துவரை நிறைந்தது. அவள் நிப்பை அழுத்தி மாட்டித் துடைத்து மகளிடம் கொடுத்தாள். இசக்கி அந்தப் பேனாவால் 'என் தந்தை இறந்துவிட்டபடியால்' என்று தொடங்கி நாலு வரி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஜெபராணி டீச்சர் யாருடைய லீவு லெட்டரையும் முழுதாகப் படிப்பவர் இல்லை, காய்ச்சலென்று எழுதினாலும் சாவென்று எழுதினாலும் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துபவர். அன்றைக்கு இரண்டாவது வரியிலேயே சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து வந்து இசக்கியைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தக் காலாண்டுப் பரீட்சையில் இசக்கி எழுதாமல் விட்ட கேள்விக்குக்கூட அவளுக்கு மார்க் விழுந்தது, பேப்பர் திருத்திய வாத்தியார்கள் ஏன் போட்டோம் என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போட்டார்கள்.

விஷயம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ஆவுடையப்பன் காதுக்குப் போனது. ஆவுடையப்பன் ஊர்ப் பெரிய மனிதர்களில் ஒருவர், ஆனால் தன்னுடைய சொந்த வீட்டுப் பட்டாவுக்கே வருஷக்கணக்காக அலைந்துகொண்டிருந்தவர். அவர் ஒரு தீர்ந்த பேனாவோடு வடிவின் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார்.

"வடிவு, உன் கண்ணுல வர்றதை இதுல கொஞ்சம் விட்டுத் தாயேன்."

"வந்தா எடுத்துக்கோங்கண்ணே. எப்படியும் அழத்தான் செய்றேன். யாருக்காவது ஆகட்டும்."

அந்தப் பேனாவால் எழுதிய மனுவைப் படித்த தாசில்தார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். ஆவுடையப்பன் பட்டாவோடு பஸ்ஸை விட்டு இறங்கிய சாயங்காலமே வடிவின் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். விதவைப் பென்ஷன் கேட்டவர்களுக்குக் கிடைத்தது, ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர்களுக்குச் சேர்ந்தது, பயிர் கருகாத வருஷத்திலும் கருகியதற்கான நிவாரணம் வந்தது. படிக்கிறவர் எவராக இருந்தாலும், எழுதினவர்மேல் அவருக்கு மனசு இளகிப்போகும். எழுதியிருப்பது நியாயமா, பொய்யா என்று அந்த மை பார்க்கவில்லை. ஊர்க்காரர்களும் பார்க்கவில்லை. வடிவு காலையில் பெஞ்சில் உட்கார்ந்து தங்கமாடனை நினைத்து அழுவாள், தாடைக்கடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருக்கும், கிண்ணத்திலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி வரிசையில் நிற்பவர்களின் பேனாக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி நிரப்பித் துடைத்துக் கொடுப்பாள், கை ஒரு பக்கம் வேலையைப் பார்க்க, கண் ஒரு பக்கம் வேலையைப் பார்த்தது. பஞ்சாயத்துத் தலைவர் அவள் வெயிலில் உட்காரக் கூடாதென்று தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார். ஊருக்குள் தார்ரோடு வந்தது, பஸ் வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது.

ஒரு மாசியில் வடிவு சிரித்துவிட்டாள். கொட்டகைக்குள் புகுந்த ஆட்டுக்குட்டி ஒன்று கிண்ணத்தில் வாயை வைத்து, மூஞ்சி முழுக்கக் கறுப்பாக்கிக்கொண்டு துள்ளி ஓட, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வடிவு சிரித்தாளாம் என்ற செய்தி இழவுச் செய்தியைப்போலத் தெருத்தெருவாகப் போனது. மறுநாள் கிண்ணம் பாதிகூட நிறையவில்லை, அதற்கு மறுநாள் அடியில் ஈரம்கூட இல்லை. காலம் அவள் துக்கத்தை ஆற்றிக்கொண்டிருந்தது.

பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம் போட்டார்கள். அப்போது ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மனுப் போட்டிருந்தது, பிரசவத்துக்கு டவுனுக்குப் போகும் வழியில் இரண்டு பெண்கள் செத்திருந்தார்கள், அதனால் கூட்டத்தில் யாரும் விளையாட்டாகப் பேசவில்லை. வெங்காயம் உரிக்கச் சொல்லிப் பார்த்தார்கள், வெறும் தண்ணீர்தான் வந்தது. தலைவர் வீட்டம்மா மிகவும் தயங்கி, தன் கழுத்துத் தாலியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வடிவின் கன்னத்தில் ஒரு அறை விட்டாள், வெளிறின நீலமாகக் கொஞ்சம் வந்தது, அதைக்கொண்டு எழுதின மனு 'உரிய ஆவணங்களுடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்' என்று திரும்பி வந்தது. பிறகு ஊர்ப் பெண்கள் முறைவைத்து வந்து தங்கள் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். செத்துப்போன பிள்ளைகளையும், விட்டுப்போன புருஷன்களையும் சொல்லி அழுதார்கள். வடிவும் சேர்ந்து அழுதாள், கொஞ்சநாள் கிண்ணம் தளும்பியது, அப்புறம் அவள் அவர்களுக்குத் தேறுதல் சொல்லத் தொடங்கிவிட்டாள், சொன்னவர்கள் மனசு லேசாகி வெறும் பேனாவோடு வீட்டுக்குப் போனார்கள்.

அதற்கப்புறம்தான் திட்ட ஆரம்பித்தார்கள். முள்ளிச்செவலில் யாரும் அப்படியொன்றும் பொல்லாதவர்கள் இல்லை. முதலில் வந்த பெண் வீட்டில் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்துதான், உன் புருஷன் அன்னைக்குக் குடிச்சுட்டுத்தான் கிணத்துல இறங்கினான், அதனாலதான் செத்தான் என்றாள். சொல்லி முடித்துவிட்டு, பேனாவை நிரப்பி வாங்கிக்கொண்டு, மனசுல வச்சுக்காத வடிவு, ஆஸ்பத்திரிக்காகத்தான் என்றாள். சரிக்கா என்றாள் வடிவு. போகப்போக ஆட்களுக்குக் கை பழகியது. எது எவ்வளவு மை தரும் என்று தெரிந்துகொண்டார்கள். தங்கமாடனின் சைக்கிளை அவள் கண்முன்னால் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டார்கள். கொட்டகையில் மாட்டியிருந்த அவன் போட்டோவைத் தலைவரே கழற்றி, மன்னிச்சிரும்மா என்று சொல்லிவிட்டுக் காலடியில் போட்டு மிதித்தார். சுகாதார நிலையம் வந்தது. திறப்பு விழாவுக்கு வடிவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள், ரிப்பன் வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஞாபகமாக அவள் காதில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், விழா மேடையில் இருந்தவர்களுக்குக் கொடுக்க மனு எழுத வேண்டியிருந்தது.

பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருந்த கோயில்பிச்சை மட்டும் ஒருநாள் கொட்டகைக்கு டீயோடு வந்தான். வரிசையில் நிற்காமல் நேராக அவளிடம் போய், "அழாதீங்கக்கா. இதைக் குடிங்க. சூடு ஆறிரும்" என்றான். வடிவு தம்ளரை வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நிறைந்தது, வழிந்தது, வழிந்தது தெளிந்த தண்ணீர். கிண்ணத்தில் இருந்த மையிலும் அது விழுந்து அத்தனையும் நீர்த்துப்போனது. அன்றைக்கு வரிசையில் நின்றவர்கள் வெறும் பேனாவோடு கலைந்துபோனார்கள். பிறகு ஊர் சேர்ந்து, பழைய பேனா ஒன்றில் மிச்சமிருந்த மையால், டீக்கடை புறம்போக்கில் இருப்பதாகவும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருப்பதாகவும் ஒரு மனு எழுதியது. கோயில்பிச்சையும் பத்திரத்தையெல்லாம் இணைத்து, பால்பாயிண்ட் பேனாவால் ஒரு மனு எழுதினான். இரண்டையும் படித்த அதிகாரி ஊர் மனுவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடையை இடித்த அன்றைக்குக் கோயில்பிச்சை பாய்லரை மட்டும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, தன் பெண்சாதி பிள்ளையோடு ரோட்டோரமாக நடந்துபோனான். அதைப் பார்த்து வடிவு அழுதாள். அது நல்ல கறுப்பாக வந்தது.

கடைசியில் யார் என்ன சொன்னாலும் அவளுக்கு உறைக்காமல் போன காலம் வந்தது. திட்டுகிறவர்கள் தொண்டை கட்டத் திட்டினார்கள், அவள் மெள்ளத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, தாகமா இருக்காக்கா, தண்ணி குடிக்கியளா என்பாள். அப்போதுதான் ஜெபராணி டீச்சர், பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்த இசக்கியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"உங்கம்மா உனக்கு மட்டுமா அம்மா? இந்த ஊருக்கே அம்மா. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாங்க ஆயிரம் சொல்றதும் நீ ஒண்ணு சொல்றதும் ஒண்ணாகுமா?"

"என்னால முடியாது டீச்சர்."

"கஷ்டமாத்தான் இருக்கும். இன்னொன்னும் யோசி. உங்கய்யா பஞ்சாயத்து வேலையில செத்தவரு. கருணை அடிப்படையில உனக்கு வேலை கேக்கலாம்னு ஆவுடையப்பன் சொல்றாரு. அதுக்கும் இதே மைதானே வேணும்."

இசக்கி அழுதாள். அவள் கண்ணில் வந்தது சாதாரணத் தண்ணீர்தான், டீச்சர் உற்றுப் பார்த்துக்கொண்டார்.

முதல் நாள் கொட்டகையில் நின்று இசக்கி சொன்னது சின்ன விஷயம். நீ பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தபோது நான் உன்னைத் தெரியாத மாதிரித் தாண்டிப் போவேன், எனக்கு வெட்கமாக இருக்கும் என்றாள். வடிவு, எனக்குத் தெரியும்ளா என்றாள், சொல்லி முடிப்பதற்குள் கிண்ணம் நிறைந்து மடியில் வழிந்தது. வரிசையில் நின்றவர்கள் இசக்கியைப் பாசமாகப் பார்த்தார்கள். பிறகு தினமும் அவள் வந்தாள். வீட்டில் சோறு பொங்கும்போது பழையபடி அம்மாவும் மகளும்தான், இசக்கி அம்மாவின் தலையில் பேன் பார்ப்பாள், காலில் தைலம் தேய்ப்பாள், காலையானால் கொட்டகையில் வந்து நின்று, உன் கை நாறுது, உன்கிட்டப் படுத்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது என்பாள். ஒவ்வொரு கிண்ணம் நிறையும்போதும் வடிவின் கருவிழி கொஞ்சம் வெளுத்தது. எதிரில் நிற்கிறவர்கள் பால் கலந்த தண்ணீருக்குள் நிற்கிற மாதிரித் தெரிவதாக அவள் சொன்னாள். சுகாதார நிலையத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தன் மாறுதல் மனுவுக்கு ஒரு பேனா நிரப்பிக்கொண்டு போனார்.

ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வடிவு சொன்னாள்:

"ஏட்டி, நேத்து நீ பேசுனதுல ஒரு பேனாகூட நிறையல."

"எனக்கு இனிமே சொல்ல ஒண்ணும் இல்லம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"உன் வேலைக்கு இன்னும் எழுதவே இல்லியே. கலெக்டர் ஆபீசு, மெட்ராசுன்னு எத்தனை எடத்துக்கு எழுதணுமாம். மை நிறைய ஆகும்."

"எனக்கு வேலை வேண்டாம்."

"வேண்டாம்னு சொல்லிட்டு, இங்கேயே கிடந்து என்னைத் திட்டிக்கிட்டே கிழவியாகப் போறியா?" வடிவு கீரைக் காம்பை ஒடித்து ஒதுக்கினாள். பிறகு குனிந்தபடியே, "உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு" என்றாள். "அன்னைக்கு உங்கய்யா வேலைக்குப் போகமாட்டேன்னுதான் சொன்னாரு. வெடிமருந்து சரியில்ல, மேஸ்திரிட்ட சொன்னாக் கேக்கமாட்டேங்கான், இன்னைக்கு வேண்டாம்னாரு. நான்தான், வீட்டுல உக்காந்தா அடுப்பு எரியுமான்னு கேட்டேன். தூக்குவாளியைக் கையில குடுத்து, போங்கன்னு முதுகைப் பிடிச்சுத் தள்ளிவிட்டேன்."

இசக்கி கீரையை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"இதை நாளைக்கு எல்லாரு முன்னாடியும் சொல்லு. அய்யாவைக் கொன்னது நீதான்னு சொல்லு. கொன்னதுங்கிற வார்த்தையை விட்டுராத. அதைச் சொன்னா எனக்குத் தாங்காது."

"ஏம்மா இதை என்கிட்டச் சொன்ன?"

"வேற என்ன இருக்கு எங்கிட்ட, உனக்குக் குடுக்க?"

இசக்கி எழுந்து போய் வாசலில் நின்றாள். வெகுநேரம் கழித்து வந்து, கீரையை எடுத்து அலசி அடுப்பில் வைத்தாள். அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் அம்மாவுக்கு எதிரே உட்காரவில்லை.

மறுநாள் கொட்டகையில் இசக்கி, அம்மா சொல்லிக்கொடுத்தபடியே தொடங்கினாள். அய்யா போகமாட்டேன்னு சொன்னாரு, நீதான் தள்ளிவிட்ட, நீதான் கொன்ன என்றாள். சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது. வரிசையில் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள், ஏனென்றால் அவர்கள் வருஷக்கணக்காக அந்தக் கொட்டகையில் திட்டியும் கேட்டும் பழகியவர்கள், இது பேனாவுக்காகச் சொல்கிற பேச்சு இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. உனக்குப் பதிலா அவரு இருந்திருக்கலாம் என்றாள் இசக்கி, அது வடிவு சொல்லிக்கொடுக்காதது. உன் கையால பொங்கின சோத்தை இத்தனை வருஷம் தின்னேனே என்றாள். மை கிண்ணத்தில் நிற்காமல் மடியில் இறங்கி, தரையில் ஓடி, கொட்டகைக்கு வெளியே மண்ணில் போய்த் தேங்கியது. ஆட்கள் வீட்டுக்கு ஓடிக் குடங்களைக் கொண்டுவந்து ஏந்தினார்கள். வடிவின் கை அப்போதும் நிற்காமல் பேனாக்களைப் பிடுங்கிக்கொண்டும் நிரப்பிக்கொண்டும் இருந்தது. எல்லாம் முடிந்து மகள் போன பிறகு ஆவுடையப்பனைக் குரலால் அடையாளம் கண்டு, "எம்மக நல்லாச் சொன்னாள்ல அண்ணே" என்று கேட்டாள்.

"நல்லாச் சொன்னா" என்றார் ஆவுடையப்பன்.

குடத்து மையெல்லாம் தீரத் தீர எழுதியதில் இசக்கிக்குக் கலெக்டர் ஆபீசில், மனுப் பிரிவிலேயே உதவியாளர் வேலை கிடைத்தது. ஊர்ப் பெண் ஒருத்தி அங்கே இருப்பது நல்லதென்று ஊர் தனியாகவும் எழுதியிருந்தது. அவள் பெட்டியோடு பஸ் ஏறும்போது, வழியனுப்ப வந்த கூட்டத்துக்குள் வடிவும் சுவரைத் தடவிக்கொண்டு வந்து நின்றாள். இசக்கி தலைவரிடம் சொல்லிக்கொண்டாள், டீச்சரின் காலைத் தொட்டாள், அம்மாவின் பக்கம் திரும்பாமல் ஏறி உட்கார்ந்தாள். பஸ் போன பிறகு வடிவு பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு, "மை போதலையோன்னு நினைச்சுட்டா. அதான் பேசாமப் போறா" என்றாள்.

அதுதான் கடைசி. அன்றைக்கு அவள் அழுது முடித்தபோது கண்ணின் கறுப்பு முழுசும் இறங்கிவிட்டது. இரண்டு கண்ணும் அவித்த முட்டைபோல வெள்ளையாகிவிட்டன. ஊர் கொஞ்சநாள் நம்பிக்கையோடு திட்டிப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. ஜெபராணி டீச்சர் ரிட்டயராகிப் போனார், அடுத்து வந்தவர் பால்பாயிண்ட் பேனாவில் எழுதலாம் என்றார். தகரக் கொட்டகையில் வேறொருவர் செல்போன் ரீசார்ஜ் கடை போட்டார். வடிவு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து, முன்னால் டீக்கடை இருந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். பஸ்ஸை விட்டு யார் இறங்கினாலும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து, கையை நீட்டி வேட்டியையோ சேலையையோ பிடித்துக்கொள்வாள். பிச்சை கேட்கிறாள் என்று நினைத்துக் காசு போடுவார்கள். அவள் காசைத் தள்ளிவிட்டு, "என்னை ஏதாச்சும் சொல்லுங்கய்யா. ஏதாச்சும் கெட்டதாச் சொல்லுங்க. எம்மகளுக்கு மை வேணும்" என்பாள். வெளியூர்க்காரர்கள் பயந்து கையை உதறிக்கொண்டு போவார்கள்.

ஊர் அப்போது வளர்ந்திருந்தது. பாங்கு இருந்தது, கல்யாண மண்டபம் இருந்தது, வெளியூரிலிருந்து சம்பந்தம் பேச வருகிறவர்கள் இருந்தார்கள். வந்தவர்களில் ஒரு மாப்பிள்ளை வீட்டார், இறங்கின இடத்திலேயே கண் இல்லாத ஒருத்தி சேலையைப் பிடித்து இழுத்தது நல்ல சகுனமில்லை என்று திரும்பிப்போனபோது, ஆவுடையப்பன் தன் பீரோவைத் திறந்தார். அவசரத்துக்கென்று பொத்தி வைத்திருந்த ஒரே ஒரு பேனா அதில் இருந்தது, பாதி மை இருந்தது. அதை எடுத்து, பேருந்து நிறுத்தத்தில் ஆதரவின்றித் திரியும் மனநிலை சரியில்லாத பெண்மணியால் பொதுமக்கள் படும் அவதியைப் பற்றி அழகாக ஒரு மனு எழுதினார். ஊர்க்காரர்கள் எல்லோரும் அதே பேனாவை வாங்கி வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டார்கள். கடைசிக் கையெழுத்தோடு மை தீர்ந்தது.

மனு கலெக்டர் ஆபீசில் இசக்கிப்பிரியாவின் மேசைக்கு வந்தது. உறையைப் பிரித்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்த நிறத்தை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. யாரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்பதும் முதல் வரியிலேயே தெரிந்தது. அவள் அதை மேற்கொண்டு படிக்காமல் மடித்து டிராயருக்குள் வைத்தாள், சாப்பாட்டு நேரம் முடிந்து வந்ததும் எடுத்தாள், மறுபடி உள்ளே வைத்தாள். அம்மாவைப் போய்க் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்கு அந்த மத்தியானம் தோன்றியது, வாடகை வீட்டில் சன்னல் பக்கம் கட்டிலைப் போட்டால் காற்று வரும் என்றுகூட யோசித்துவிட்டாள். ஆனால் மனுவுக்குக் குறிப்பு எழுதியாக வேண்டும், எழுதுவதற்காவது படித்தாக வேண்டும், படித்தாள். படிக்கப் படிக்க அவள் நெஞ்சு இளகியது. அந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்று இருந்தது. வருஷக்கணக்காக எவ்வளவு பொறுமையாக இருந்திருக்கிறார்கள், திரும்பிப்போன அந்தச் சம்பந்தத்தில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேற்படி பெண்மணியை உடனடியாகத் தொலைவிலுள்ள ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்று பரிந்துரை எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு, மேலே அனுப்பினாள். பக்கத்து மேசைக்காரர், என்னம்மா, ஊர் ஞாபகமா என்று கேட்டார். ஆமா சார் என்றாள்.

வேன் காலையில் வந்தது. இறங்கி வந்த பெண் ஊழியர் வடிவின் தோளைத் தொட்டு, "ஏறும்மா, போகலாம்" என்றாள். வடிவு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"அதெல்லாம் நான் சொல்லமாட்டேன். ஏறு. மேல இருந்து ஆர்டர் வந்திருக்கு."

"யாரு போட்ட ஆர்டரு?"

பெண் ஊழியர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தாள். "இசக்கிப்பிரியான்னு ஒரு மேடம் எழுதியிருக்காங்க."

வடிவு பிடியை விட்டாள். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த முள்ளிச்செவல்காரர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, தாடை கீழே இறங்கியது, அந்த முகம் அடுத்து என்ன செய்யும் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர்கள் கைகள் தாமாகச் சட்டைப் பைக்கும் முந்தானைக்கும் போயின, பல வருஷமாகச் சும்மா செருகிவைத்திருந்த, தீர்ந்துபோன, தூக்கிப் போட மனசு வராத பேனாக்களை எடுத்தன, நிப்பைப் பிடுங்கின. ஆவுடையப்பன் எல்லோருக்கும் முந்திக்கொண்டு அவள் தாடைக்குக் கீழே வெறும் குழாயை நீட்டினார்.

ஒன்றும் வரவில்லை. வடிவு வேன் கம்பியைத் தடவிப் பிடித்துத் தானாகவே ஏறி உட்கார்ந்தாள். வேன் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பி, தார்ரோட்டில் ஏறி மறையும்வரை அவர்கள் பேனாக்களை ஏந்தியபடியே நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராக நிப்பைப் பழையபடி அழுத்தி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.